ஜமீன்தாரின் சர்க்கரைக் கணக்கு

நமது சங்கத்துக் காரியக் கமிட்டிக் கூட்டங்களுக்காக எங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கும் அன்பர்களுக்கு ஜமீன்தாரை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர். இருக்கும் நாற்காலிகளில் நல்லது எதுவோ அதில்தான் அமர்பவர். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜமீன்தார் ஒரு பூனை. எங்களுக்கு முன் இந்த வீட்டில் குடியிருந்த தமிழ் மாணவர் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது, வீட்டுச் சாவி, இட்லிப் பானை, ஜமீன்தார் ஆகிய மூன்றையும் எங்கள் மூவரிடமும் ஒப்படைத்துச் சென்றார். அப்பொழுது ஜமீன்தாருக்கு வயது எட்டு. எடை ஆறரைக் கிலோ. சாதாரணமாக ஒரு பூனை நாலு, நாலரைக் கிலோ இருந்தால் போதும். காயடித்த கடுவன், வீட்டு வாசலைத் தாண்டாத வாழ்க்கை, மூன்று வேளையும் எங்கள் கையால் பால் சோறு. நடுவயது கடந்த பூனைகளுக்கு வரும் ஒரு நோய்க்கு இவை யாவும் ஏற்ற நிலைமைகள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சென்ற ஆண்டு செப்டம்பரில்தான் முதலில் சந்தேகம் தட்டியது. கிண்ணத்துத் தண்ணீர் போதாமல் ஜமீன்தார் குளியலறை வாளியில் முகத்தை விட்டுக் குடிக்கத் தொடங்கினார். "ஏல, இது பூனையா, தண்ணி லாரியா?" என்றார் எங்கள் திருநெல்வேலி நண்பர். மணல் தட்டை நாளுக்கு ஒருமுறை மாற்றியது போய், இரண்டு முறை மாற்ற வேண்டியதாயிற்று. பசியோ அமோகம், ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு மாதத்தில் தராசு ஐந்து கிலோவுக்கு இறங்கிற்று. பின்னங்கால்களைக் குதிகால் தரையில் படும்படி ஊன்றி, தள்ளாடும் கிழவரைப்போல் நடந்தார். ஒருநாள் காலையில் மணல் தட்டைச் சுற்றி எறும்புச் சாரி. அதைக் கண்டதும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீரிழிவு, மதுமேகம் என்று நம்மவர்கள் எந்த நோய்க்குப் பெயர் வைத்தார்களோ, அது எங்கள் ஜமீன்தாருக்கே வந்துவிட்டது.

கால்நடை டாக்டர் அம்மையார் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, 412 என்றார். அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 412 மில்லிகிராம் குளுகோஸ். நோயில்லாத பூனைக்கு இது ஏறத்தாழ 70-லிருந்து 150 வரைதான் இருக்கும்.

நோயின் தன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணையத்தில் சுரக்கும் இன்சுலின்தான் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள்ளும் கொழுப்புத் திசுவுக்குள்ளும் புகுத்துகிறது. கொழுத்த பூனையின் உடம்பு அதன் இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. கணையம் மேலும் மேலும் உழைத்துக் களைத்துப்போகிறது. இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரையே கணையத்தின் உயிரணுக்களை மேலும் ஒடுக்கிவிடுகிறது. நடுவயதில் பெரும்பாலான மனிதர்களுக்கு வரும் சர்க்கரை வியாதிக்கு மிக நெருங்கிய உறவு இது. தாகம் ஏன் என்பதற்கு நம் ஊர் ஏரியை நினைத்துக்கொண்டால் போதும். ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே நீர் வழிகிறதல்லவா? சிறுநீரகத்திலும் அப்படி ஒரு கலிங்கு உண்டு. பூனைக்கு அது சுமார் 270-ல் இருக்கிறது. சர்க்கரை அதற்கு மேல் ஏறினால் சிறுநீரில் வழிகிறது. வழியும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஜமீன்தார் வாளியைத் தேடியதன் இரகசியம் இதுதான்.

இந்த நோய்க்கும் பிராணிகளுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1889-ல் ஸ்டிராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட, அதற்கு நீரிழிவு கண்டது. நோயின் மூலம் கணையத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கிற்று. 1921-ல் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்தே இன்சுலினைக் கண்டனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஊசி மூலம் தரப்பட்டது. நாயிடமிருந்து மனிதன் கற்றதை மனிதனிடமிருந்து இப்போது பூனை பெறுகிறது. எங்களுக்கு எழுதிக் கொடுத்த மருந்து மனிதர்கள் போட்டுக்கொள்ளும் கிளார்ஜின் என்னும் இன்சுலின்தான். காலையில் ஒரு யூனிட், மாலையில் ஒரு யூனிட். பன்னிரண்டு மணி நேர இடைவெளி.

இரண்டு வாரம் தவறாமல் ஊசி போட்டுவிட்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குச் சென்றோம். ஆட்டோவில் கூடைக்குள் ஜமீன்தார் போட்ட கூச்சலில் வண்டிக்காரர் இருமுறை திரும்பிப் பார்த்தார். காத்திருக்கும் இடத்தில் எதிரே ஓர் அல்சேஷன் நாய். உள்ளே போனதும் இருவர் பிடிக்க, ஒருவர் இரத்தம் எடுத்தார். அளவு 397! மருந்து சிறிதும் வேலை செய்யவில்லை என்று எண்ணி எங்கள் மனம் சோர்ந்துவிட்டது. ஊசியின் அளவை இரண்டு மடங்காக்கிவிடலாமா என்று நானே கேட்டேன்.

அம்மையார் சிரித்தார். "பூனையைக் கேட்டால் உண்மை சொல்லும், ஆனால் இங்கே வைத்துக் கேட்டால் சொல்லாது" என்று ஹிந்தியில் சொன்னார். அவர் விளக்கியது இது: பூனைக்கு அச்சம் உண்டாகிப் போராடத் தொடங்கினால் சில நிமிடங்களுக்குள் அதன் இரத்தச் சர்க்கரை ஏறிவிடும். நோயே இல்லாத பூனைக்கும் அப்படித்தான். 2002-ல் ஜாக்கி ராண்ட் முதலான ஆராய்ச்சியாளர்கள் நல்ல ஆரோக்கியமுள்ள பூனைகளைச் சில நிமிடம் நீர் தெளித்துக் குளிப்பாட்டிப் பார்த்தார்கள். குளிப்பின்போது எவ்வளவு திமிறியதோ அவ்வளவுக்குச் சர்க்கரையும் ஏறியிருந்தது. ஓடவோ சண்டையிடவோ உடம்பு தயாராகும்போது நார்-அட்ரினலின் மிகுகிறது. திமிறும் தசைகளிலிருந்து லாக்டிக் அமிலம் வெளிப்படுகிறது. கல்லீரல் அதையே சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது. ஆகவே ஆஸ்பத்திரி மேஜையில் கிடைக்கும் எண்ணில் நோய் எவ்வளவு, அல்சேஷன் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால், வீட்டில் அமைதியாகத் தூங்கும் பூனையின் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய், தூக்கத்திலேயே உயிர் போய்விடக்கூடும். "வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் அளப்பதற்கு வேண்டிய கருவி நம்மில் பலருடைய அப்பா அம்மாவின் கையில் இருப்பதுதான், குளுகோமீட்டர் என்பது. அதில் செருகும் சிறு பட்டையில் குளுகோஸ் ஆக்ஸிடேஸ் போன்ற ஒரு நொதி தடவப்பட்டிருக்கிறது. இரத்தத்துளி பட்டதும் நொதி குளுகோஸோடு வினைபுரிய, மிக நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. மின்னோட்டத்தின் அளவைக் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. இந்த யுக்திக்கு அடிப்படை போட்டவர் அமெரிக்கரான லீலண்ட் கிளார்க், ஆண்டு 1962.

முதலில் கும்பகோணத்து நண்பர் தம் தகப்பனாரின் பழைய மீட்டரை ஊரிலிருந்து தருவித்தார். செலவு மிச்சம் என்று மகிழ்ந்தோம். ஆனால் மனிதருக்கான மீட்டர் பூனை விஷயத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும். காரணம் சுவையானது. மனித இரத்தத்திலுள்ள குளுகோஸில் ஏறக்குறைய நூற்றுக்கு 58 பங்குதான் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதியில் இருக்கிறது. மீதி சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனைக்கோ 93 பங்கு பிளாஸ்மாவிலேயே இருக்கிறது. மனிதக் கணக்கை வைத்துச் செய்த கருவி பூனைக் கணக்கில் தவறுவது இதனால்தான். டாக்டரிடம் இருந்த பிராணிகளுக்கான மீட்டரையும் எங்களுடையதையும் பக்கத்தில் வைத்து ஒரே துளியைச் சோதித்தோம்: அது 231, இது 188. மனித மீட்டரை உபயோகிக்கவே கூடாது என்பதில்லை. அதன் போக்கை டாக்டர் அறிந்திருந்தால் அதையும் வைத்துக்கொண்டு வைத்தியம் செய்யலாம். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றி மாற்றி அளப்பதுதான் கூடாது. நாங்கள் மூவரும் இரண்டு மாதம் சினிமாவைக் குறைத்துக்கொண்டு, பிராணிகளுக்கான மீட்டரே வாங்கினோம். இனி நான் கூறும் எண்கள் எல்லாம் அதன் எண்கள்.

இனி இரத்தம் எடுக்கும் கலைக்கு வருவோம். "பூனையிடம் இரத்தம் எடுப்பதா! அது அல்லவா உங்களிடம் எடுக்கும்?" என்று கேட்காத நண்பர் இல்லை. எங்கள் கையிலும் கீறல்கள் விழுந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவை எல்லாம் நாங்கள் அவசரப்பட்ட முதல் மூன்று நாட்களில் விழுந்தவை. துண்டில் சுற்றி இறுக்கிப் பிடித்தோம். திமிறல் கூடியது, சர்க்கரையும் கூடியது. ஆஸ்பத்திரியை வீட்டுக்கே கொண்டுவந்த கதையாயிற்று. பிறகு அம்மையார் சொன்னபடி ஒரு வாரம் ஊசியே குத்தவில்லை. தினமும் அதே நேரத்தில், அதே பாயில் ஜமீன்தாரை மடியோடு அணைத்து உட்காரவைத்து, காதை நீவிக் கொடுத்து, வேகவைத்த கோழித் துண்டு ஒன்று தந்து விட்டுவிடுவோம். மறுநாள் காதை இரண்டு விரலுக்கிடையே கொஞ்ச நேரம் பிடிப்போம், கோழித் துண்டு. அதற்கு மறுநாள் பக்கத்தில் மீட்டரை வைத்து அதன் 'கீச்' சத்தத்தைக் கேட்கச் செய்வோம், கோழித் துண்டு. எட்டாம் நாள் குத்தியபோது அவர் கண் கோழித் தட்டிலேயே இருந்தது.

குத்த வேண்டிய இடம் காதின் வெளி ஓரம். விளக்குக்கு எதிரே காதைப் பிடித்தால் ஓரத்தை ஒட்டி ஒரு சிறு இரத்தக்குழாய் கோடுபோல் தெரியும். அந்தக் கோட்டுக்கும் காதின் விளிம்புக்கும் நடுவிலுள்ள இடமே சிறந்தது. குழாயையே துளைக்க வேண்டும் என்பதில்லை. காதுக்கு உட்புறம் மடித்த பஞ்சு ஒன்றைத் தாங்கலாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஊசி மறுபுறம் வந்து நம் விரலைப் பதம் பார்க்கும். குத்தும் இடத்தில் வாஸலீனை மிக மெல்லியதாகத் தடவினால் இரத்தம் மயிரில் பரவாமல் முத்துப்போல் திரண்டு நிற்கும். கடுகளவு துளி போதும். பட்டையின் நுனியைத் துளியருகே கொண்டுபோனால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சை வைத்துச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மறந்துவிட்டால் காது கன்றிப்போகும். காதைத் தரவே மாட்டேன் என்னும் பூனைகளுக்குப் பாதத்தின் மெத்தையிலும் எடுக்கலாமாம். எங்களுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. இரண்டாயிரமாவது ஆண்டில் சூரிச் நகரத்துக் கால்நடை மருத்துவர்களான வெஸ்ஸும் ரூஷும் இந்தக் காது முறையைச் சோதித்து வெளியிட்டார்கள். பூனை வளர்ப்பவர்கள் தாங்களே வீட்டில் அளக்கும் வழக்கம் பரவ அது பேருதவியாக இருந்தது.

டில்லிக் குளிரில் இன்னொரு தொல்லை. டிசம்பர் மாதத்துக் காலையில் ஜமீன்தாரின் காது பனிக்கட்டிபோல் இருக்கும். எத்தனை முறை குத்தினாலும் ஒரு துளி வராது. இதற்கு வைத்தியம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. சுத்தமான காலுறையில் அரிசியைப் போட்டு முடிந்து, தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கி, நம் கன்னத்தில் வைத்துச் சூட்டைப் பார்த்துவிட்டுக் காதுக்கு ஒற்றடம் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் இரத்தம் ஓடிவந்துவிடும். மீட்டருக்கும் குளிர் ஆகாது, வெயிலும் ஆகாது. எங்கள் மீட்டரின் குறிப்பேட்டில் 10 முதல் 40 டிகிரி வரைதான் அது சரியாக வேலை செய்யும் என்று போட்டிருக்கிறது. ஜனவரியில் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடேற்றுவோம். இந்த மே மாதத்தில் கூலருக்கு முன் வைத்துக் குளிரச் செய்கிறோம். பட்டைகள் உள்ள டப்பியைத் திறந்து போட்டால் ஈரம் பட்டுக் கெட்டுவிடும்.

அளந்தாயிற்று, எண் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வது? மருந்து போடுவதற்கு முன் ஒரே ஒருமுறை அளந்துவிட்டு முடிவுக்கு வரலாம் என்றே நாங்களும் நினைத்தோம். அளவு இரண்டு யூனிட்டாக உயர்ந்து பத்து நாள் கழித்து, நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் சொற்படி காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்தோம். நோட்டுப் புத்தகத்தில் உள்ளபடி தருகிறேன். 8 மணிக்கு 318. உடனே சாப்பாடு, ஊசி. 10 மணிக்கு 262. 12 மணிக்கு 187. 2 மணிக்கு 124. 4 மணிக்கு 109. 6 மணிக்கு 171. இரவு 8 மணிக்கு 266.

பொறியியல் படிக்கும் நம் நண்பர்கள் இதை வரைபடத்தாளில் குறித்துப் பார்த்தால் ஒரு தொட்டில் வடிவம் கிடைக்கும். தொட்டிலின் அடிவயிறு எங்கே என்பதே முக்கியமான கேள்வி. அன்று அது மாலை நாலு மணிக்கு 109-ல் இருந்தது. அடி 80-க்கும் 150-க்கும் இடையில் இருக்க வேண்டும். நாளின் பெரும்பகுதி சர்க்கரை கலிங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. ஆகவே அளவு சரியாகவே இருந்தது. ஆனால் காலை 8 மணி எண்ணை மட்டும் பார்த்தவர் என்ன சொல்வார்? "318 இருக்கே, இன்னும் ஒண்ணு கூட்டுவோம்" என்பார். எங்கள் திருநெல்வேலி நண்பர் அதைத்தான் சொன்னார். கூட்டியிருந்தால், நாங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாலு மணிக்கு, ஆளில்லாத வீட்டில் அந்த 109 எங்கே போயிருக்கும்? காலை எண் முந்தைய ஊசி தீர்ந்துபோனதைக் காட்டுகிறதே தவிர, புது ஊசி எவ்வளவு ஆழம் இறக்கும் என்பதைக் காட்டுவதில்லை. ஒரே நாள் தொட்டிலையும் முழுக்க நம்பக்கூடாது. அதே மருந்து, அதே சாப்பாடு. ஆயினும் மறுவாரம் தொட்டில் வேறு மாதிரி இருக்கும். ஒரு வாரத்து எண்களைச் சேர்த்துப் பார்த்து அளவை மாற்றுவது டாக்டரின் வேலை. எழுதுவது நம் வேலை.

எழுதி வைப்பதனால் வேறு உண்மைகளும் வெளிவந்தன. டிசம்பரில் இரண்டு வாரம், எந்தக் காரணமும் இல்லாமல் சில நாட்களில் மட்டும் நண்பகல் எண் 350-ஐத் தாண்டிற்று. மருந்து கெட்டுவிட்டதோ என்று புது மருந்து வாங்கினோம். பயனில்லை. கடைசியில் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது எல்லாம் செவ்வாயும் சனியுமாக இருந்தன. மாடி வீட்டுப் பஞ்சாபி மாதாஜி அந்த இரு கிழமைகளில் பூஜைக்கு கீர் செய்பவர்! "பாவம், இளைத்துக் கிடக்கிறானே" என்று ஜன்னல் வழியாக ஒரு கிண்ணம் கொடுத்து வந்திருக்கிறார். அவரிடம் இதைச் சொல்லத்தான் எங்களுக்குப் பெரும்பாடு. மனம் புண்படாமல் சொல்லி, கீரை எங்களுக்குத் தரும்படி ஏற்பாடு செய்துகொண்டோம். இதில் ஒரு வேடிக்கை: பூனைக்கு இனிப்பின் சுவையே தெரியாது. நாக்கில் இனிப்பை உணர வேண்டிய ஜீன்களில் ஒன்று பூனை இனத்தில் பழுதுபட்டுக் கிடக்கிறது என்று பிலடெல்பியாவிலுள்ள மோனல் ஆராய்ச்சி நிலையத்தார் 2005-ல் கண்டுபிடித்தனர். ஜமீன்தார் விரும்பியது பாலின் கொழுப்பைத்தான். சர்க்கரை அவர் அறியாமலே வயிற்றுக்குள் போயிற்று.

பால் சோறும் அதே வகைதான். பூனை முழு மாமிச பட்சிணி. மாவுப்பொருளைக் கையாள அதன் கல்லீரல் நம்முடையதைப்போல் ஏற்பட்டதல்ல. நாங்கள் சோற்றை நிறுத்தி, கோழியும் மீனும் மிகுந்த, மாவு குறைந்த ஈர உணவுக்கு மாற்றினோம். ஆனால் டாக்டரிடம் சொல்லாமல் இதைச் செய்யக்கூடாது. சோறு நின்றதும் சர்க்கரை இறங்கும். இன்சுலின் மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் ஆபத்து.

அந்த ஆபத்து எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை 60-க்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் பூனை சோர்ந்து கிடக்கும், அல்லது வெறிக்கப் பார்க்கும், நடந்தால் குடிகாரனைப்போல் தள்ளாடும், உடம்பு துடிக்கும், மிஞ்சினால் வலிப்பு. உணர்வு இருந்து சாப்பிடக்கூடுமானால் உடனே உணவு தர வேண்டும். சாப்பிட முடியாவிட்டால் விரலில் தேனையோ குளுகோஸ் கரைசலையோ தொட்டு ஈறில் தேய்க்க வேண்டும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறிவிடும். தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். எங்கள் வீட்டில் பிரிஜ்ஜின் மேல் எப்போதும் ஒரு தேன் புட்டி இருக்கிறது. அதை ரொட்டிக்குத் தடவுபவர்கள் அபராதம் கட்ட வேண்டும்.

இன்னொரு ஆபத்தை மட்டும் விரிவாகச் சொல்லியே தீர வேண்டும். மனிதருக்காகட்டும், பூனைக்காகட்டும், இந்தியாவில் இன்சுலின் போடுகிற எல்லாருக்கும் பொருந்துவது அது. நம் நாட்டுக் கடைகளில் இரண்டு வலிமையில் இன்சுலின் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி ஸிரிஞ்சு உண்டு. 40-க்கு உரியது சிவப்பு மூடி. 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. எங்கள் கிளார்ஜின் 100 வகையைச் சேர்ந்தது. ஒருநாள் இரவு ஸிரிஞ்சு தீர்ந்துபோக, ஒரு மருந்துக் கடையில் 'இன்சுலின் ஸிரிஞ்சு' என்று கேட்டதற்குச் சிவப்பு மூடியைக் கொடுத்துவிட்டார்கள். நண்பரும் வாங்கி வந்துவிட்டார். அதில் இரண்டு என்ற கோடுவரை மருந்தை இழுத்தால் உள்ளே போவது ஐந்து யூனிட்! மூடியின் நிறம் மாறியிருக்கிறதே என்று கும்பகோணத்து நண்பர் கேட்டதனால் ஜமீன்தார் பிழைத்தார். ஊரில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ ஊசி போடும் அன்பர்கள் புட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் மூடியின் நிறத்தையும் ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

காதில் குத்தாமலே அளக்க வழியில்லையா என்று பலர் கேட்கிறார்கள். சிறுநீரில் நனைக்கும் பட்டைகள் உண்டு. அவை கலிங்கில் நீர் வழிந்ததா என்பதைச் சொல்லும். ஏரி வறண்டு கிடப்பதைச் சொல்லமாட்டா. ஆகையால் அவற்றை வைத்து இன்சுலினைக் கூட்டுவது அபாயம். ஆனால் சிறுநீரில் கீட்டோன் என்னும் பொருள் வந்திருக்கிறதா என்று பார்க்க அவை மிக உதவும். கீட்டோன் கண்டு, பூனையும் சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரக்டோஸமின் என்னும் இரத்தப் பரிசோதனை கடந்த ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும். கூடைப் பயணத்தின் கலவரம் அதைப் பாதிக்காது. மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் லிப்ரே போன்ற உணர்கருவியைப் பூனையின் மயிரை மழித்து ஒட்டி, போனைக் காட்டினாலே எண் தெரியும்படியும் செய்கிறார்கள். அது அளப்பது இரத்தத்தையன்று, தோலுக்கடியில் உள்ள நீரை. ஆகவே இரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கும். எங்களுடையதை ஜமீன்தார் ஆறாம் நாளே பிய்த்தெறிந்துவிட்டார். பணம் போயிற்று. சில பூனைகளுக்கு ஊசியே வேண்டாமல் வாய்வழி மருந்து தரும் முறையும் அமெரிக்காவில் 2022-லிருந்து அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அது எல்லாப் பூனைகளுக்கும் ஏற்றதன்று. ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் ஜமீன்தாருக்கு அது இல்லை என்று அம்மையார் சொல்லிவிட்டார்.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் நான்தான் அளந்தேன். மற்ற இருவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். ஊசிக்கு முந்திய எண், எப்போதும் 250-க்கு மேல் இருப்பது, அன்று 71. பட்டை கெட்டிருக்கும் என்று இன்னொன்றில் பார்த்தேன்: 74. ஜமீன்தாரோ நன்றாகத்தான் இருந்தார். சாப்பாடு எங்கே என்று காலைச் சுற்றினார். வெளித்தோற்றத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வழக்கம்போல் இரண்டு யூனிட் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போயிருந்தால் மாலையில் நான் திரும்பி வந்து கண்டிருக்கக்கூடியதை எண்ணினால் இப்போதும் கை நடுங்குகிறது. ஊசி போடவில்லை. சாப்பாடு கொடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். "நல்ல சேதி" என்றார் அவர்.

பல வாரம் சர்க்கரை கட்டுக்குள் இருந்ததனால், களைத்துக் கிடந்த கணையம் மறுபடி சுரக்கத் தொடங்கியிருந்தது. பூனைகளின் நீரிழிவில் இப்படி நடப்பதுண்டு. நோய் கண்டு சீக்கிரமே நன்றாகக் கட்டுப்படுத்தினால் வாய்ப்பு அதிகம். அது எந்த நாளில் நடக்கும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காலையில் காதில் எடுக்கும் துளி ஒன்றுதான் சொல்லும். டாக்டர் அளவை ஒரு யூனிட்டாகக் குறைத்தார். பிப்ரவரி தொடக்கத்தில் அரை யூனிட். மாதக் கடைசியில் ஊசியே நின்றது. நின்றபின் இரண்டு வாரம் தினமும் அளந்தோம்: 96, 104, 88, 111 என்று சாதுவான எண்கள். பின்னங்கால்களும் தேறி, ஏப்ரலில் ஒருநாள் அலமாரி உச்சிக்குத் தாவி அமர்ந்துவிட்டார். இப்போது எடை நாலே முக்கால் கிலோ.

நோய் திரும்பி வரவும் கூடும். ஆகவே ஞாயிறுதோறும் காலை 8 மணிக்கு ஒரு துளி எடுத்து எழுதி வருகிறோம். தண்ணீர்க் கிண்ணத்தையும் கவனிக்கிறோம். நோட்டுப் புத்தகம் பிரிஜ்ஜுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. ஜூன் 3 முதல் 18 வரை நாங்கள் மூவருமே ஊரில் இருக்கமாட்டோம். விடுமுறையில் டில்லியிலேயே தங்கும் அன்பர் ஒருவர் அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் ஏற்றுக்கொள்ள முன்வந்தால், இம்மாதக் கடைசிக்குள் ஒருநாள் காலையில் வீட்டுக்கு வரவேண்டும், கற்றுக்கொடுத்துவிடுகிறோம். கோழித் துண்டு பிரிஜ்ஜில் இருக்கும். மாதாஜியின் கீரும் உண்டு.